வீட்டில் நாயின் பல், ஈறு பராமரிப்பு: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து வயது பொமரேனியன். கொஞ்ச நாளாக வாய் நாற்றம் தாங்கவில்லை. மேல் கடைவாய்ப் பற்கள் பழுப்பேறிக் கிடக்கின்றன, பொறை கடித்தால் ரத்தம் தெரிகிறது. எலும்பு வாங்கிப் போட்டால் தானாகச் சுத்தமாகிவிடும் என்று அம்மா சொல்கிறார். நம்முடைய பேஸ்டை வைத்துத் தேய்த்துவிடலாமா என்று இவர் யோசிக்கிறார். கூடவே, தெருவில் இருந்து எடுத்து வந்த மூன்று மாத நாட்டு நாய்க் குட்டி ஒன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தம்பி, இரண்டுக்கும் பதில் வேறு வேறு. குட்டிக்கு இன்றைக்கே வீட்டில் ஆரம்பிக்கலாம். பெரியதற்கு இப்போதைக்கு பிரஷைக் கையில் எடுக்காதீர்கள். ரத்தம் கசியும் வாயில் பிரஷை விட்டால் அதற்கு வலிக்கும். ஒரு முறை வலித்துவிட்டால் அப்புறம் நீங்கள் பிரஷை எடுக்கும்போதே கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதலில் டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், அது ஆறிய பிறகு வீட்டில் தினமும் தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால்தான் பல வீடுகளில் "எங்க நாய் பிரஷே பண்ண விடாது" என்ற பேச்சு வருகிறது.

ஏன் என்று சொல்கிறேன். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் கிருமிகள் சேர்ந்து ஒரு வழவழப்பான படலம் உண்டாகிறது. இந்த நிலையில் துணியால் துடைத்தாலே போய்விடும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் அதில் படிந்து, இரண்டு மூன்று நாளில் கெட்டியாக ஆரம்பிக்கிறது. நம் பக்கத்து போர் தண்ணீர் பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகக் காரை படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். காரை பிடித்த பிறகு எந்த பிரஷாலும் அதை எடுக்க முடியாது. போர் தண்ணீர் குடிப்பதால்தான் நாய்க்குக் காரை வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள், கால்சியம் எச்சிலில் இருந்தே வருகிறது. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குச் சொத்தைப் பல் குறைவு, காரை அதிகம்.

பழுப்பாகத் தெரியும் காரை பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் சேதம் நடப்பது அதற்குக் கீழே, பல்லும் ஈறும் சேரும் கோட்டில். அங்கே கிருமி தங்கினால் முதலில் ஈறு சிவந்து தடிக்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டி உள்ளே போய், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்க ஆரம்பித்துவிட்டால் போன எலும்பு போனதுதான். மேற்கொண்டு கரையாமல் நிறுத்தத்தான் முடியும். மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் இந்த ஈறு நோய் இருக்கிறது. பொமரேனியன், பக், ஷிட்சு போன்ற சிறிய வகைகளுக்கு இது சீக்கிரம் வரும், தீவிரமாகவும் வரும். காரணம், நாய் சிறியதோ பெரியதோ 42 பல் இருக்க வேண்டும். அந்தச் சின்னத் தாடையில் அத்தனையும் நெருக்கியடித்து நிற்கின்றன, இடுக்குகளில் எல்லாம் சோறு தங்குகிறது. (நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்ப்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.)

நாய் நன்றாகத்தானே சாப்பிடுகிறது, வலி இருந்தால் சாப்பிடுமா என்று கேட்பார்கள். சாப்பிடும். பல் ஆடிக்கொண்டிருக்கும்போதுகூடத் தட்டைக் காலி செய்கிற நாய்கள் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது எப்படிச் சாப்பிடுகிறது என்பதை. ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, மெல்லாமல் அப்படியே விழுங்குகிறதா, வாயில் எடுத்ததைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறதா, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அது கண் பிரச்சினையாகத் தெரியும். பல நேரம் அது மேல் கடைவாய்ப் பெரிய பல்லின் வேரில் சீழ் கட்டியிருப்பதாக இருக்கும்.

சரி, பெரிய நாயை எங்கே காட்டுவது? உங்களுக்கு வேப்பேரி தூரமில்லை. 1903ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. மூலக்கடை தாண்டி மாதவரம் பால் பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரி ஒன்றும் உண்டு. இரண்டிலும் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். முதல் நாளே பல் சுத்தம் செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதி, வேறொரு நாள் வரச் சொல்லலாம். வீட்டுப் பக்கத்தில் நீங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் ஸ்கேலிங் (கருவியால் காரையைச் சுரண்டி எடுப்பது) வசதி இருந்தால் அதுவும் நல்லதுதான்.

ஸ்கேலிங்குக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் பாதிப் பேர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். மயக்கமே இல்லாமல் வீட்டுக்கு வந்து சுரண்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். விழித்திருக்கும் நாயிடம் வெளியே தெரிகிற காரையை மட்டும்தான் பெயர்க்க முடியும். ஈறுக்கு அடியில் இருப்பது, நோயை உண்டாக்குவது, அப்படியே இருக்கும். பல் வெள்ளையாகிவிட்டது என்ற நிம்மதியில் நீங்கள் இன்னும் ஒரு வருடம் விட்டுவிடுவீர்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். மயக்கத்தில் செய்யும்போது மூச்சுக்குழாயில் டியூப் வைத்துவிடுவதால் தெறிக்கும் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குப் போகாது. ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்வார்கள், ஆடுகிற பல்லை எடுப்பார்கள், கடைசியில் பாலிஷ் போடுவார்கள். பாலிஷ் முக்கியம். சுரண்டிய பல் சொரசொரப்பாக இருந்தால் படலம் இன்னும் வேகமாக ஒட்டும்.

பயம் நியாயமானதுதான், அதனால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். இதயத்தில் ஏதாவது சத்தம் கேட்கிறதா, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன, எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நாய் உற்சாகத்தில் குதிக்கும்போது வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் வந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வகைகளுக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பதுண்டு.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தால் நாற்றம் போய்விடுகிறதே என்பார்கள். சில நாள் போகும், காரை அங்கேயே இருப்பதால் திரும்பி வரும். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுப்பது அதைவிட மோசம். பாராசிட்டமால், இபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நீங்களாக நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் புண், சிறுநீரகம், கல்லீரல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியும்.

சுத்தம் செய்து, வாய் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு உங்கள் வேலை தொடங்குகிறது. பல் எடுத்திருந்தால் இதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

முதல் சில நாள் பல்லைத் தேய்க்கவே வேண்டாம். நாய் சாப்பிட்டுவிட்டு அமைதியாகப் படுத்திருக்கும் நேரமாகப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகக் கையை நீட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவுங்கள். மேல் உதட்டை ஒரு நொடி தூக்கிவிட்டு விடுங்கள். உடனே ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி. காலர் பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேலே சொன்ன மூச்சுக்குழாய் விஷயம் இங்கேயும் பொருந்தும். உதட்டைத் தூக்கினால் கோழி வருகிறது என்று அதற்குப் பழகிவிட்டால், விரலில் கோழி வேகவைத்த தண்ணீரைத் தொட்டுப் பல்லின் மேல் ஓட்டுங்கள். அந்தத் தண்ணீரில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

அடுத்தது துணி. பழைய பருத்தி வேட்டியைச் சின்னதாகக் கிழித்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டால் போதும். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ் கடையில் கிடைக்கும், பழக்குவதற்கு ஆகும். ஆனால் அதன் முட்கள் தடிமனாக இருப்பதால் ஈறு ஓரத்தில் நன்றாக இறங்குவதில்லை. என் அனுபவத்தில் வேட்டித் துணி அதைவிட மேல். துணிக்குப் பழகிய பிறகு குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷுக்கு மாறலாம். கடைசி வரை துணியோடு நின்றுவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தினமும் துணியால் துடைக்கிற வீடு, விலை உயர்ந்த பிரஷை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வீட்டைவிட நன்றாகவே செய்கிறது.

வாயைத் திறக்கவே தேவையில்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. வாய் மூடியிருக்க, உதட்டை மட்டும் தூக்கி, வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல் வரிசையில் பின்னால் இருக்கும் பெரிய பல்லில் இருந்து தொடங்குங்கள். எச்சில் சுரப்பியின் வாய் ஒன்று அந்தப் பல்லுக்கு நேராகத் திறப்பதால் காரை அங்கேதான் முதலில் படிகிறது, உங்கள் நாய்க்கும் அங்கேதான் பழுப்பாகத் தெரிகிறது. பிரஷைச் சற்றுச் சாய்த்து, முட்களின் நுனி ஈறு விளிம்பைத் தொடும்படி வைத்து, சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். அழுத்தம் வேண்டாம். பின்னால் இருந்து கோரைப் பல் வரை வந்து, அப்படியே கீழ் வரிசை, அப்புறம் அடுத்த பக்கம். பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். அது முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முன்னால் நீங்களாகவே நிறுத்திவிடுங்கள். இன்றைக்கு ஒரு பக்கம்தான் முடிந்ததா, பரவாயில்லை, நாளைக்கு மறுபக்கத்தில் இருந்து ஆரம்பியுங்கள்.

தினமும் செய்வதுதான் சரி. படலம் கெட்டியாக இரண்டு மூன்று நாள் ஆகிறது என்று சொன்னேன் அல்லவா, அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது கடைசி எல்லை. வாரம் ஒரு முறை தேய்த்துப் பலன் இல்லை. ஆரம்பத்தில் லேசாக ரத்தக் கசிவு இருந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். தொடர்ந்து தேய்க்கத் தேய்க்க ஓரிரு வாரத்தில் குறைய வேண்டும். குறையாவிட்டால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

நம்முடைய பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய்க்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது, வைத்தது எல்லாம் வயிற்றுக்குள் போகும். நம் பேஸ்டில் ஃப்ளோரைடும் நுரை வருவதற்கான பொருளும் இருக்கின்றன. சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். அது நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கோ ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி வலிப்பு வரவைக்கும், கல்லீரலைக் கெடுக்கும். மவுத்வாஷ், சூயிங் கம் விஷயத்திலும் இதே கவனம் தேவை. நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட் வாங்கினால் கோழிச் சுவையில் இருக்கும், தேய்ப்பது சுலபமாகும். வாங்க முடியவில்லையா, வெறும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும், ஏனென்றால் படலத்தை எடுப்பது உரசல்தான். மஞ்சள், உப்பு, சமையல் சோடா, கிராம்பு எண்ணெய், வேப்பங்குச்சி எல்லாம் நம் வாய்க்குப் பழகியவை. புண்ணான ஈறுக்கு அவை எரிச்சலைத்தான் தரும்.

இனி அம்மா சொன்ன எலும்பு. அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மெல்லும்போது ஏற்படும் உரசலில் கொஞ்சம் காரை பெயரும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரியது. புளியந்தோப்புப் பக்கம் போனால் ஆட்டு எலும்பும் மாட்டு எலும்பும் சுலபமாகக் கிடைக்கும், குழம்பில் வெந்த எலும்பு எல்லார் வீட்டிலும் மிஞ்சும். வெந்த எலும்பு கூர்கூராக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். கோழி எலும்பு இன்னும் மோசம். வேகாத பெரிய தொடை எலும்போ பல்லையே உடைக்கும் அளவுக்குக் கெட்டி, அதைக் கடிக்கும்போது மேல் கடைவாய்ப் பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்துவிடும். நடுவில் ஓட்டையுள்ள வட்டமான நல்லி எலும்புத் துண்டு கீழ்த்தாடையில் வளையம்போல் மாட்டிக்கொண்டு, மயக்கம் கொடுத்து அறுத்து எடுக்க வேண்டி வரும். மீன் தலை போட்டால் முள் பல் இடுக்கில் ஏறி ஈறில் சீழ் கட்டும். ஐந்து வயதில் ஈறு தளர்ந்து நிற்கும் உங்கள் நாய்க்கு எலும்பு கட்டாயம் கூடாது. மெல்லுவதற்கு எதைக் கொடுத்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் அதில் தடம் விழ வேண்டும், விழவில்லை என்றால் அது பல்லுக்கு ஆகாது. கொட்டாங்குச்சி, கல், செங்கல் துண்டு எதுவும் இந்தச் சோதனையில் தேறாது. இரும்பு கேட்டைக் கடித்துக்கொண்டே இருக்கிற நாய்களுக்குக் கோரைப் பல்லின் பின்பக்கம் தேய்ந்து ஒருநாள் முறிந்துவிடும். அதைக் கட்டிப் போட்டே வைத்திருக்காமல் நடக்கக் கூட்டிப் போவதுதான் அதற்கு வழி.

உணவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. டீக்கடைப் பொறை, பன், மேரி பிஸ்கெட் எல்லாம் மாவாகி ஈறு ஓரத்தில் அப்பிக்கொள்ளும், குறையுங்கள். தயிர் சாதத்தை நிறுத்திவிட்டுப் பாக்கெட் தீனிக்கு மாறினால் பல் சுத்தமாகிவிடும் என்பதும் சரியில்லை. சாதாரணத் தீனி பல்லின் நுனி பட்டதுமே உடைந்துவிடுகிறது, ஈறு ஓரம் வரை அது போவதே இல்லை.

உதட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தால் இன்னொரு நன்மை உண்டு. ஈறின் வழக்கமான நிறம் உங்களுக்குத் தெரிந்துவிடும். நாட்டு நாய்களுக்கு ஈறில் கறுப்புத் திட்டு இருப்பது இயல்பு. கறுப்பு இல்லாத இடம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறிப் போயிருந்தால் அது பல் நோய் இல்லை. உண்ணிக் காய்ச்சலால் ரத்தம் குறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் கல்லீரலாக இருக்கலாம், மழைக்காலத்தில் தெருத் தண்ணீரில் இறங்கிய நாய்க்கு எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். வாயில் மூத்திர வாடை வந்து நாக்கில் புண்ணும் இருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இப்போது சொல்வதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். ஒரு நாய்க்குத் திடீரென்று தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, குரைக்கும் குரல் மாறியிருக்கிறது என்றால், எலும்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் தெரியும், சாதுவாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும், கடிக்க வராமல்கூட இருக்கலாம். எச்சில் பட்டுவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் குட்டி தெருவில் இருந்து வந்தது, மூன்று மாதம் ஆகிவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஊசி போட்ட பிறகும் அதன் உடல்நிலையில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் வாயைத் தொடாமல் நேராக டாக்டரிடம் கொண்டு போங்கள்.

குட்டிக்கு இப்போது 28 பால் பற்கள் இருக்கும். நான்கு மாதத்தையொட்டி முன் பற்களில் இருந்து விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். விழுந்த பல்லைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், கவலை வேண்டாம். கடித்த துணியில் லேசாக ரத்தம் இருப்பதும் சகஜம். பல் முளைக்கும் இந்த மாதங்களில் ஈறு வலிக்கும் என்பதால் அழுத்தித் தேய்க்காமல், உதட்டைத் தூக்குவது, ஈரத் துணியால் துடைப்பது, கோழித் துண்டு கொடுப்பது என்று பழக்கம் மட்டும் நடக்கட்டும். புதிய பற்களில் குழி குழியாகப் பழுப்பு நிறம் தெரிந்தால் சுரண்டாதீர்கள். குட்டிப் பருவத்தில் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்களுக்குப் பல்லின் மேல்பூச்சு சரியாக உருவாகாமல் அப்படி இருக்கும், அந்தப் பற்களுக்கு இன்னும் மென்மையான பிரஷ் வேண்டும். ஏழு மாதத்தில் ஒரு முறை கோரைப் பல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பால் பல் விழாமல் புதுப் பல்லும் பக்கத்திலேயே இரட்டையாக நின்றால் இடுக்கில் அழுக்குச் சேரும், புதுப் பல்லும் கோணலாகும். கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும் அன்றைக்கே அந்தப் பால் பல்லையும் எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.